தாய் அச்சில் ஆறு சத்தம்

என் அண்ணிக்கு இசைத்தட்டு கேட்பதுதான் தொழில். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு பொறாமை வரும். "கொடுத்து வெச்சவங்க" என்பார். அண்ணி பத்து வருஷத்துக்கு மேல் காலையிலிருந்து மாலை வரை தட்டு கேட்டவர். ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. இன்றைக்கு என்ன ஓடியது என்று விசாரித்தால், "ரெண்டாம் பக்கம் மூணாவதுல ஒரு சொடக்கு இருந்துச்சு" என்பார். பாடியது ஆணா பெண்ணா என்றால் கொஞ்சம் யோசிப்பார்.

எங்கள் தொழிற்சாலையில் கறுப்புத் தட்டு அடிக்கிறோம். இது செத்துப்போன சரக்கு என்று ஊரே கைகழுவிய பிறகு, வெளிநாட்டுக்காரர்கள் திடீரென்று மறுபடி வாங்க ஆரம்பித்தார்கள். எங்கள் முதலாளி மூலையில் கிடந்த இயந்திரங்களைத் தூசி தட்டி எடுத்தார். பிளாஸ்டிக் உருண்டையைச் சூடாக்கி, இரண்டு நிக்கல் அச்சுகளுக்கு நடுவில் வைத்து, ஆவியோடு ஓர் அழுத்து அழுத்தினால் தட்டு விழும். விழுந்த தட்டு தேறுமா தேறாதா என்று கேட்டுச் சொல்ல ஓர் அறை உண்டு. அந்த அறையில் ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு பென்சில், என் அண்ணி.

நான் அதே தொழிற்சாலையின் ஆபீசில் இருக்கிறேன். வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல நான் மறந்தாலும் அண்ணி மறக்கமாட்டார். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம்கூட "என் கொழுந்தன், டிகிரி" என்றுதான் அறிமுகம். ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து சாப்பாடு, படுக்கை, இந்த வேலைக்கான சிபாரிசு எல்லாமே அண்ணன் வீட்டில்தான். அண்ணனுக்கு லாரி டயர் கழற்றி மாட்டும் கடை. நாள் முழுக்கச் சுத்தியல் அடி கேட்டுக் கேட்டு அவருக்கு இடது காது பாதி மந்தம். இப்படி ஒரு ஜோடியை எங்கள் வீட்டார் எப்படிப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை. கீழ்வீட்டுக் குழாய் சொட்டினால் அண்ணிக்குத் தூக்கம் வராது. அண்ணனுக்கு அது எங்கள் வீட்டுக் குழாயாக இருந்தாலும் வரும்.

அண்ணி அந்த நாற்காலிக்கு வந்தது ஒரே நாளில். எட்டாவது வரை படித்தவருக்கு முதலில் கிடைத்தது பேக்கிங் வேலை. கேட்கும் அறைக்கு ஆள் தேடிய முதலாளி, பேக்கிங் பெண்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதில் விழுவதையெல்லாம் சொல்லச் சொன்னார். ஒருத்தி மின்விசிறி என்றாள். இன்னொருத்தி ரோட்டில் லாரி என்றாள். அண்ணி, "மேஜைக்குள்ள வாட்ச் ஓடுதுங்க" என்றார். அது முதலாளிக்கு அவர் மனைவி வாங்கிக் கொடுத்த வாட்ச். தொலைந்துபோனதாக முடிவாகி, அதற்கான சண்டையும் வீட்டில் நடந்து முடிந்திருந்தது. அன்றைக்கே நாற்காலி அண்ணிக்கு. பாம்புக்காது என்ற பட்டமும் அன்றைக்கே. எனக்குப் பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், அண்ணிக்குப் பேக்கிங் பெண்கள்.

அந்த நாற்காலி என்றால் அண்ணிக்கு உயிர். அந்த அறைக்குக் கதவு உண்டு, கதவைத் தட்டாமல் முதலாளியே நுழையமாட்டார். அண்ணி 'சரி' என்று கையெழுத்துப் போடாமல் ஒரு தட்டும் கேட்டைத் தாண்டாது. பிரஸ் ஓட்டுகிற மாஸ்டர் ஆளுக்கு ஆள் எரிந்து விழுகிறவர். அவர்கூட அந்தக் கதவுக்கு முன்னால் கையைத் துடைத்துக்கொண்டுதான் நிற்பார். நின்றுகொண்டு திட்டுவார் என்பது வேறு விஷயம்.

"அந்தம்மா காதுல எறும்பு நடந்தாலும் என் மெஷின் மேலதான் கேசு."

"எறும்பு நடந்தா எறும்புன்னு எழுதுவேன் மாஸ்டர். இது உங்க மெஷின்தான்."

அண்ணியின் தீர்ப்புக்கு ஒரு முறை இருந்தது. ஒரே அச்சில் அடித்த தட்டுகளில் நாலைந்தை எடுத்துக் கேட்பார். ஒரு தட்டில் மட்டும் சத்தம் வந்தால் தப்பு பிரஸ்ஸில். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் வந்தால் தப்பு நிக்கல் அச்சில். அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, தாய் அச்சு என்று ஒன்று இருக்கும், அதிலிருந்து புதிது எடுக்கவேண்டும். இந்த முறை ஒரு தடவையும் அண்ணியைக் கைவிட்டதில்லை, ஐரோப்பாவிலிருந்து அந்த மூன்று பேருடைய சரக்கு வந்து சேரும்வரை.

மூன்று பேர் கொண்ட குழு அது. ஒருவர் சாக்ஸபோன், ஒருவர் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், ஒருவர் டிரம்ஸ். இப்போதைய ஐரோப்பிய ஜாஸ் என்று உறையில் போட்டிருந்தது. ஜாஸ் என்றால் காலைத் தாளம் போடவைக்கிற கும்மாளம் என்று நான் படித்து வைத்திருந்தேன். இவர்கள் நடுவில் நாடாவோ கம்ப்யூட்டரோ வைத்துக்கொள்ளாமல், வாசிக்க வாசிக்க நேரே தட்டில் ஊசி வெட்டும்படி பதிவு செய்திருந்தார்கள். அதனால் ஒத்துப்பார்க்க வேறு பிரதி கிடையாது. எங்களிடம் வந்தது தாய் அச்சு மட்டும். அவர்கள் சுற்றுப்பயணத்தில் எங்கள் நகரத்துக்கும் வருவதாக இருந்தது. இரண்டு சாயங்காலம் கச்சேரி. முதல் நாள் வாசித்துவிட்டு மறுநாள் காலையில் எங்களிடம் தட்டுகளை வாங்கிக்கொண்டு, இரண்டாம் நாள் வாசலில் மேஜை போட்டு விற்பது அவர்கள் ஏற்பாடு.

மாதிரித் தட்டுகளை அண்ணி கேட்டார். சீட்டு வந்தது. ஆறு சத்தம் குறித்திருந்தது. டிக்டிக். புஸ். கிரீச். தட். உய்ங். கடைசியாக, இரண்டாம் பக்க முடிவில், எல்லாம் அடங்கிக் கிடக்கிற இடத்தில், நறநற. நாலு தட்டிலும் அதே இடங்களில். கீழே எழுதியிருந்தார்: அச்சு தேறாது.

புது அச்சு எடுத்தார்கள். மறுபடி அதே ஆறு. கீழே எழுதியிருந்தார்: தாயிலேயே தப்பு.

முதலாளி இதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். தாய் அச்சு தப்பு என்றால் பதிவே தப்பு. திருப்பித்தான் அனுப்பவேண்டும். பிரஸ் மாஸ்டரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். மாஸ்டர் இரண்டு நிமிஷம் கவனமாகக் கேட்டார்.

"எப்ப ஆரம்பிப்பாங்க?"

"ஆரம்பிச்சாச்சுய்யா."

"நான் சுருதி சேக்கறாங்கன்னு நெனச்சேன்."

அந்தக் குழுவுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். ஆறு சத்தத்தையும் ஆங்கிலத்தில் எழுத ஒரு பகல் பிடித்தது. பதில் ஒரே வரியில் வந்தது: எல்லாச் சத்தமும் எங்களுடையதே.

அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"தப்பு செஞ்சவன் இல்லன்னு சொல்றதப் பாத்திருக்கேன் தம்பி. எவன் செஞ்ச தப்பையோ இவங்க எதுக்கு எடுத்துத் தலையில வெச்சுக்கறாங்க? நம்ம மேல இரக்கமா?"

"ஒருவேள நெசமாவே அவங்களோடதா இருந்தா?"

"புஸ்ஸுன்னு காத்துப் போறது ஒரு வாசிப்பா? உங்கண்ணன் கடையில நாள் பூரா அதான்."

முதலாளி கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். முதல் நாள் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட்டை மேஜையில் வைத்தார். "நேர்ல போய்க் கேட்டுட்டு வாம்மா. காலையில சொல்லு. தப்புன்னா நான் திருப்பி அனுப்பிடறேன். அவங்களோடதுதான்னா, ரெண்டு அச்சை வீணாத் தூக்கிப் போட வெச்சிருக்க. காது போச்சுன்னு அர்த்தம். நாற்காலில வேற ஆள் போட்டுட்டு ஒன்னைப் பேக்கிங்குக்கு அனுப்பறதத் தவிர எனக்கு வேற வழியில்ல." சொல்லிவிட்டு, கொஞ்சம் குரலைத் தணித்து, "கோவிச்சுக்காத" என்றார்.

அண்ணி டிக்கெட்டை எடுத்துக்கொண்டார். "காது இருக்கா போச்சான்னு பாத்துட்டு வரேங்க" என்றார்.

அண்ணனைக் கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணன் ஒரே போடாகப் போட்டார்: "சம்பளத்துக்குக் கேக்கறது போதாதா, ஓசியில வேற கேக்கணுமா?" ஆகவே நான் போனேன். நான் போக வேறு காரணமும் இருந்தது. அவர்களிடம் ஏதாவது கேட்க நேர்ந்தால் கேட்க ஒரு டிகிரி வேண்டும்.

கச்சேரி ஒரு பழைய நூல் கிடங்கின் மேல்மாடியில். மேடை என்று எதுவும் இல்லை. சிமெண்டுத் தரையில் ஒரு கம்பளம் விரித்து அதன் மேல் வாத்தியங்கள். எதிரில் மடக்கு நாற்காலிகள் நாலைந்து வரிசை. வந்திருந்தவர்கள் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் காத்திருப்பவர்களைப்போல மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி நேராக முதல் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். சீட்டை மடியில் விரித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். பரீட்சைக்கு மேற்பார்வை பார்க்க வந்த டீச்சர்போல இருந்தது.

மூன்று பேரும் வந்தார்கள். சாக்ஸபோன்காரர் மெலிந்த மனிதர், கம்பளிச் சட்டை. பாஸ்காரர் தாடியும் பருமனுமாகத் தன் வாத்தியத்துக்கு அண்ணன்போல இருந்தார். டிரம்ஸ்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வணக்கம் கிடையாது, முன்னுரை கிடையாது. சாக்ஸபோன்காரர் குழலை வாயில் வைத்தார். ஊதவில்லை. விசைகளின் மேல் விரல்கள் மட்டும் ஓடின. டிக்டிக். டிக்டிக்டிக்.

அண்ணி என் விலாவில் இடித்தார். "ஒண்ணு."

அடுத்து ஊதினார். சுரம் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. புஸ். ஒரு டிக். டிரம்ஸ்காரர் குச்சியைத் தரையில் விழவிட்டார். தவறி விழுந்தது என்று குனிந்து எடுத்துக் கொடுக்கப் போனேன், அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தட். விடு தம்பி, அது கணக்குல இருக்கு." பிறகு டிரம்ஸ்காரர் ஒரு பித்தளைத் தாளத்தின் விளிம்பில் வில்லை வைத்து இழுத்தார், உய்ங். பாஸ்காரர் தந்திகள் முடிகிற இடத்துக்கும் கீழே வில்லைப் போட்டார். கிரீச்.

பின்வரிசையில் ஒரு க்ரீக் கேட்டது. அண்ணி திரும்பிப் பார்த்தார். "அது நாற்காலி. கணக்குல சேக்காத."

இடையில் அண்ணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் காதருகே குனிந்தார். "தம்பி, இது தட்டுல இருக்கறது இல்லையே. எனக்குத் தெரியும், அதுல பாஸ் வந்ததுக்கு அப்புறம்தான் தட் வரும். இவங்க வேற என்னவோ வாசிக்கறாங்க."

வாசலில் கொடுத்த தாளைப் பார்த்தேன். "அதே பேர்தான் போட்டிருக்கு அண்ணி."

"பேர வெச்சுக்கிட்டு ஆள மாத்தினா எப்படி?"

"இவங்க ஒரு தடவ வாசிச்சமாதிரி மறு தடவ வாசிக்கமாட்டாங்களாம். அந்தந்த நேரத்துக்கு வர்றதுதானாம். போட்டிருக்கு."

அண்ணி பென்சிலைச் சீட்டின் மேல் படுக்கவைத்தார். பத்து வருஷமாகக் கையில் வைத்திருந்த ஒரு சட்டத்தை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு எனக்குச் சொன்னார். தட்டில் எப்போதும் அதே இடத்தில் வருகிற சத்தம் அச்சுடையது. ஆனால் இங்கே அதே சத்தங்கள் இடம் மாறி வருகின்றன. இடம் மாறி வந்தால் அது ஆளுடையது. தட்டில் அது ஒரே இடத்தில் நிற்பதற்குக் காரணம், அந்த ஆள் அன்றைக்கு ஒரே ஒரு தடவை வாசித்தார் என்பதுதான். அண்ணி சீட்டைப் பார்த்தார். ஆறில் ஐந்து போய்விட்டது. நாற்காலியின் கால்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்ட மாதிரி ஒரு முகம். ஆறாவது ஒன்றுதான் மிச்சம், நறநற. அதை இவர்கள் யாரும் எந்த இடத்திலும் செய்யாவிட்டால் அது அச்சின் தப்பு. அண்ணிக்குக் காது இருக்கிறது. செய்துவிட்டால் பேக்கிங்.

இரண்டாம் பாதியில் விளக்கைக் கொஞ்சம் குறைத்தார்கள். பாஸ்காரர் ஒரே ஒரு தந்தியைச் சுண்டிவிட்டு, அது தானாக அடங்கும்வரை காத்திருந்தார். அடங்கிய பிறகும் காத்திருந்தார். எனக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதி அவரை நினைவுபடுத்தலாமா என்று தோன்றியது. அப்புறம் சாக்ஸபோன் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல மெல்ல வந்தது. ஒரு சுரம். அதற்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே, ஆனால் அது இல்லாத இன்னொன்று. டிரம்ஸ்காரர் தோலின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார், யாரையோ தூங்கவைப்பதுபோல. இது எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

அண்ணியைப் பார்த்தேன். ஹெட்போன் பழக்கத்தில் அவர் தலை எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். அது நிமிர்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியிலிருந்து பென்சில் நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. நல்ல சத்தம். பின்வரிசையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கீழ்வீட்டுக் குழாய்க்கு எழுந்து உட்காருகிற என் அண்ணி கேட்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்து விளக்கெல்லாம் போட்ட பிறகுதான் அவர் குனிந்து பென்சிலைத் தேடினார்.

"தம்பி, ஆறாவது வந்துச்சா?"

"அத நீங்கதான அண்ணி கேக்கணும்?"

"நான் வாசிக்கறதக் கேட்டுட்டு இருந்துட்டேன்." திருடிவிட்டு வந்தவர்போலச் சொன்னார். "நீ?"

"எனக்கு எல்லாமே நறநறன்னுதான் இருந்துச்சு."

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டில் அண்ணன் கதவைத் திறந்து, "எப்படி?" என்றார்.

"நல்லா இருந்துச்சு."

அண்ணன் வலது காதைத் திருப்பி, "என்னது?" என்றார். எந்தச் சத்தத்தைப் பற்றியும் அண்ணி இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கே ஏதாவது குடிக்கக் கொடுத்தார்களா என்று விசாரித்தார்.

காலையில் முதலாளியின் அறையில் நாங்கள் இரண்டு பேரும். பிரஸ் மாஸ்டர் கதவருகே நின்றார். புது அச்சு மாட்டிய பிரஸ் சூடாகிக் காத்திருந்தது. இப்போது 'சரி' வந்தால் மதியத்துக்குள் அடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

"அஞ்சு சத்தம் அவங்களோடதுங்க" என்றார் அண்ணி. "நான் எழுதினது தப்பு."

"ஆறாவது?"

"தெரியலைங்க."

"வரலையா?"

"வந்துச்சா வரலையான்னே தெரியல. அந்த நேரத்துல வாசிப்பக் கேட்டுட்டு இருந்துட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"கேக்கத்தானம்மா அனுப்பினேன்?"

"ஆமாங்க. அதுலதான் தப்பிப்போச்சு."

மாஸ்டர் சிரிப்பை அடக்க இருமினார். முதலாளி சீட்டைத் தள்ளினார். "அஞ்சு அவங்களோடதுன்னா ஆறும் அவங்களோடதுதான். கையெழுத்துப் போடு, மாஸ்டர் ஓட்டட்டும்."

"தெரியாததுக்குப் போடமாட்டேங்க."

"அப்ப நான் போடறேன். நீ பேக்கிங்குக்குப் போ."

அண்ணி ஹெட்போன் மாட்டும் பக்கத்துக் காதைத் தடவிக்கொண்டார். அதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மூன்று பேரும் தட்டு வாங்க வந்துவிட்டார்கள். வேன் காலியாக இருந்தது, கொடுக்க எங்களிடமும் ஒன்றும் இல்லை.

"அவங்கள என் ரூமுக்குக் கூட்டிட்டு வா தம்பி" என்றார் அண்ணி. "ஒரு தடவ அவங்களோட உக்காந்து கேட்டுட்டு அப்புறம் பேக்கிங்குக்குப் போறேன்."

அந்த அறை ஒரு ஆளுக்குக் கட்டியது. அண்ணி நாற்காலியை பாஸ்காரருக்குக் கொடுத்தார், அவர் உடம்புக்கு நின்றால் கதவு மூடாது. மற்றவர்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டார் அண்ணி. டிக்டிக் வந்தது. சாக்ஸபோன்காரர் கையைத் தூக்கினார், என்னுடையது. தட். டிரம்ஸ்காரர் கையைத் தூக்கினார். வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல ஒவ்வொன்றாகத் தேறியது. பிறகு அண்ணி தட்டைத் திருப்பி, ஊசியை முடிவுக்குப் பக்கத்தில் வைத்தார். எல்லாம் அடங்கிற்று. நறநற.

யாரும் கையைத் தூக்கவில்லை.

டிரம்ஸ்காரர் பாஸ்காரரைப் பார்த்தார். பாஸ்காரர் சாக்ஸபோன்காரரைப் பார்த்தார். ஒவ்வொருவரும் இத்தனை நாளும் அதை அடுத்தவருடையது என்று நினைத்திருந்தார்கள். அண்ணியின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியது. மறுபடி ஊசியை வைத்தார். பாஸ்காரர் முன்னால் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார். தந்தியின் அதிர்வு அடங்கியது. நறநற.

இந்த முறை அது இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று ஒலிபெருக்கி. இன்னொன்று நாற்காலி.

எல்லோரும் திரும்பினோம். கண்ணை மூடியிருந்த பாஸ்காரரின் தாடி இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

டிரம்ஸ்காரர் சுவரில் சரிந்து உட்கார்ந்து சிரித்தார். இத்தனை வருஷமாக அது பாஸின் மரம் காய்கிற சத்தம் என்று நினைத்ததாகவும், கவலைப்பட்டு எண்ணெய்கூட வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். மொழிபெயர்த்தேன். அண்ணி சிரிக்கவில்லை. ஆறும் அவர்களுடையது. கணக்கு முடிந்தது. சீட்டை எடுத்து, கையெழுத்துப் போடப் பென்சிலைத் தேடினார்.

அப்போதுதான் பாஸ்காரர் வாயைத் திறந்தார். காது வரை சிவந்திருந்தார். "இந்தச் சத்தத்தை எடுத்துவிடமுடியுமா என்று இவர்களைக் கேள்" என்றார் என்னிடம்.

முதலாளி கதவருகில் இருந்து, "என்னவாம்?" என்றார்.

"அதை எடுக்கச் சொல்றாருங்க."

"எடுக்க முடியாதுன்னு சொல்லு."

சொன்னேன். அப்படியானால் தட்டே வெளியாகவேண்டாம், தன் பல்லை ஊருக்கு விற்கச் சம்மதமில்லை என்றார் அவர். எல்லாச் சத்தமும் எங்களுடையதே என்று எழுதியவர் இவர்தான் என்று சாக்ஸபோன்காரர் நினைவூட்டினார். அப்போது எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் எழுதியது என்றார் பாஸ்காரர். முதலாளி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அண்ணி பென்சிலைக் காதில் செருகினார். "தம்பி, நான் சொல்றத அப்படியே சொல்லு. கூட்டாத, கொறைக்காத." பாஸ்காரரைப் பார்த்துத் தமிழிலேயே பேச ஆரம்பித்தார், நான் பின்னாலேயே ஓடினேன்.

"மொதல்ல கேட்டப்ப இதைத்தான் ரொம்பப் பெரிய தப்புன்னு எழுதினேன். நேத்து உங்க கச்சேரிக்கு வந்தேன். அதே மாதிரி எல்லாம் அடங்கிப்போற எடம் ஒண்ணு வந்துச்சு. எனக்கு அங்க அடுத்து என்ன வருமோன்னு அடிவயித்துல ஒரு பயம். என் வேலையே மறந்துபோச்சு. நேத்தும் நீங்க கடிச்சிருப்பீங்க, என் காதுலயே விழல. விழாமலே அது வேலை செஞ்சிருக்கு. ஒங்களுக்கும் அடுத்து என்ன வரும்னு தெரியல, அதான் கடிக்கறீங்க. அத எடுத்துட்டா அந்த எடத்துல என்ன இருக்கு? வெறும் தட்டு சுத்தும்."

மொழிபெயர்த்தபோது 'அடிவயித்துல' என்பதற்கு ஆங்கிலம் கிடைக்காமல் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். இத்தனை படித்ததற்கு அது ஒரு குறைதான்.

பாஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு ஊசியைக் காட்டி, மறுபடி வை என்று சைகை செய்தார். அண்ணி வைத்தார். கேட்டார்கள். நறநற. அதற்கு அடுத்தாற்போல சாக்ஸபோன் வந்தது. கடிதம் எழுதுவதற்காகக் கேட்டபோது நான் நூறு தடவை தாண்டிப்போன அந்தச் சுரம் அன்றைக்குத்தான், யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி, உள்ளே வந்தது.

"இருக்கட்டும்" என்றார் பாஸ்காரர்.

அண்ணி கையெழுத்துப் போட்டார். பிரஸ் மாஸ்டர் ஓடினார். மூன்று பேரும் வாசலில் கவிழ்த்த பெட்டிகள் மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி, சூடு ஆறாத தட்டுகள் உறைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்காரர் மட்டும் அடிக்கடி தாடையைத் தடவிக்கொண்டார்.

வேன் போனதும் முதலாளிக்குத் தான் சொன்னது மறந்துபோயிற்று. அவர் சுபாவம் அது, சரக்கு வெளியே போய்விட்டால் கோபமும் அதனோடு போய்விடும். அண்ணி மறுநாளும் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார், யாரும் எழுப்பவில்லை. இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் எனக்கும் பெருமைதான். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை.

அந்த மூன்று பேருடைய தள்ளுபடியான மாதிரித் தட்டுகளை உடைத்து மறுபடி உருக்கவேண்டும் என்பது விதி. அண்ணி கேட்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தார். பழைய கடையில் ஒரு பிளேயர் பிடித்தோம். சமையலை முடித்துவிட்டு அண்ணி அதன் முன்னால் உட்காருவார். நான் அவருக்காக இணையத்தில் தேடி இதே வகையில் வேறு ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். பனி ஊர்க்காரர்களாம், பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே தந்திகளைக் கையால் தடவுகிறவர் ஒருவர். பேச்சே இல்லாமல் குரலால் மட்டும் வாசிக்கிற ஒரு பெண். எனக்கு முதலில் அண்ணிக்குத் துணையாக உட்காருகிறோம் என்ற நினைப்பு. பிறகு ஒருநாள் அண்ணி தூங்கப் போன பின்னும் நான் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "மெஷின் ரிப்பேர் முடிஞ்சுதா இன்னும் இருக்கா?" என்பார். ஆனால் பாஸ் மட்டும் தனியாக வருகிற இடங்களில் தாள் புரளாது. அந்தக் கனத்த சத்தம் ஒன்றுதான் அவர் இடது காதுக்கும் எட்டும் என்று அண்ணி சொன்னார்.

பிறகு ஒரு சரக்கு திரும்பி வந்தது. குழந்தைகள் கூட்டாகப் பாடுகிற தட்டு. முதல் பாட்டிலேயே சுற்றுக்கு ஒன்றாகச் சொடக்கு, கல் மாதிரி. மாஸ்டருக்கே கேட்டது. சீட்டில் அண்ணியின் கையெழுத்து இருந்தது.

முதலாளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு ரெண்டு தப்பறதுதான்" என்றார். அண்ணிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"தப்பலைங்க. அந்தப் பிள்ளைங்க நல்லாப் பாடிச்சுங்க. அதுல ஒண்ணு மட்டும் எப்பவும் கொஞ்சம் பிந்தி வரும், அதக் கேட்டுட்டு இருந்தேன். முன்ன பாட்டு கேக்காது, தப்பு மட்டும் கேக்கும். இப்ப பாட்டு கேக்குது, தப்பு கேக்கமாட்டேங்குது. ரெண்டையும் ஒரே காதுல வெச்சுக்கத் தெரியலைங்க. நாற்காலிக்கு ஆள் பாருங்க."

முதலாளி என்னைக் கூப்பிட்டு, உன் அண்ணிக்கு நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்றார். எடுத்துச் சொன்னேன். கதவு உள்ள அறை, கையெழுத்து, மாஸ்டரின் மரியாதை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கேட்டுவிட்டு, "அந்த நாற்காலி எனக்குப் பிடிக்காமப் போகல தம்பி. போட்டுட்டு வர வயிறு எரியுது" என்றார். "ஆனா கேக்காத காத வெச்சுக்கிட்டு அதுல உக்காந்தா, அது நான் இல்ல." அந்த வாரமே பேக்கிங் மேஜைக்குப் போய்விட்டார். முதல் சில நாள் பேக்கிங் பெண்கள் சங்கடப்பட்டு மெதுவாகப் பேசினார்கள். பிறகு பாம்புக்காது என்று வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கேட்கும் அறைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். நல்ல காது. சமீபத்தில் ஒருநாள் அவள் பேக்கிங்குக்கு ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒரு கடிதத்தோடு அந்தப் பக்கம் போனவன், கதவருகே நின்றுவிட்டேன். ஐரோப்பாவிலிருந்து வேறு யாரோ அனுப்பிய தாய் அச்சிலிருந்து அடித்த மாதிரித் தட்டு. நடுவில் எங்கோ ஒரு சத்தம், ஈரத் துணியை உதறுகிற மாதிரி.

"அக்கா, இது தப்பா, பாட்டா? எல்லாத் தட்டுலயும் வருது."

அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இடம் வந்தது, போயிற்று. அண்ணி எழவில்லை. அந்தப் பெண் பென்சிலோடு காத்திருந்தாள். முதலாளி கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, தட்டாமல், திரும்பிப் போனார். பேக்கிங் பக்கத்திலிருந்து பெட்டிகள் தேங்கிவிட்டன என்று ஆள் வந்தது. பக்கம் முழுக்க ஓடி, ஊசி நடுவில் போய் முட்டி நின்றது.

"அக்கா?" என்றாள் அந்தப் பெண். "தப்பா, பாட்டா?"

"தெரியலையேடி" என்றார் அண்ணி. "மறுபக்கம் போடு."